கனம் நீதிபதியை இறக்க முடியாது

சுண்டைச்சீமை என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்பது அவர்களாகச் சொல்லிக்கொண்டது. அந்தக் கோடியில் ஒருவன் தும்மினால் இந்தக் கோடியில் இருப்பவன் "நூறாயுசு" என்பான்; அவ்வளவுதான் அகலம். ஆனாலும் ஒரு ராஜா இருந்தார். அவர் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்ததும் மூன்று மந்திரிகள் நாட்டை எடுத்துக்கொண்டார்கள். பெரிய மந்திரி கோட்டைச்சாமி. அடுத்தவர் சடைமுத்து; பெரிய மந்திரி எப்போது ஒழிவார் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை கிடையாது. மூன்றாமவர் பொன்னுரங்கம், அவருக்கு அந்த யோசனையும் கிடையாது.

ஒருநாள் ஆவுடை என்ற பெண்ணின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய், கோட்டைச்சாமியின் வைக்கோல் போரில் வாயை வைத்துவிட்டது. கோட்டைச்சாமி அதைப் பிடித்துத் தன் தொழுவத்தில் கட்டிவிட்டார். ஆவுடை பதறிக்கொண்டு ஓடிவந்தாள். புருஷன் இல்லாதவள், அந்த எருமைதான் அவளுக்குச் சோறு.

"ஐயா, எருமையை விட்டுடுங்க. நிறைசினையா இருக்கு."

"எருமை உன்னுதுதான் ஆவுடை. நான் இல்லைன்னு சொல்லலையே? ஆனா அது வயித்துல இருக்கிற வைக்கோல் என்னுது. என் வைக்கோலை நான் என் தொழுவத்துல வெச்சிருக்கேன். இதுல என்ன தப்பு?"

"அது சாணியாவே போயிருக்குமே ஐயா!"

"அதுவும் என்னுதுதான். அள்ளிட்டுப் போயிடாதே."

"அப்ப இந்த வழக்கை நான் யார்கிட்ட சொல்றது?"

"என்கிட்டதான். சொல்லு."

அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கோட்டைச்சாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். தன்னைத் தானே கடுமையாக விசாரித்தார். கடைசியில் தன்மேல் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆவுடை தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்த வழியாகப் போன பக்கத்து நாட்டுக்காரர் ஒருவரின் வண்டி அச்சு முறிந்து அங்கேதான் நின்றிருந்தது. அவர் திருவடிநாதர், ஓய்வுபெற்ற நீதிபதி. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு மயக்கமே வந்துவிட்டது.

"உங்க நாட்டில் நீதிமன்றம் இல்லையா?" என்று மந்திரிகளைக் கேட்டார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து நாட்டில் இருக்கிற ஒன்று தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொள்வதா? "இருக்கு. இன்னும் கட்டல, அவ்வளவுதான்" என்றார் பொன்னுரங்கம்.

அச்சு மாட்டி முடிவதற்குள் திருவடிநாதர் மளமளவென்று சொன்னார்: "நீதிமன்றம் அரண்மனையோடு ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, தனித்து நிற்க வேண்டும். நீதிபதியை ஒரு குழு நியமிக்கட்டும். ஆளைப் பார்த்து நியமிக்கக் கூடாது. நியமித்த பிறகு அவரை யாரும் நெருங்கக் கூடாது. அவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. கீழ்க் கோர்ட்டில் தோற்றவர் மேல் கோர்ட்டுக்குப் போக வழி இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியை உங்களால் இறக்க முடியாமல் இருக்க வேண்டும். புரிந்ததா?"

"புரிஞ்சுது" என்றார்கள் மூவரும்.

திருவடிநாதர் நல்ல மனிதர். புரிந்தது என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடுவார். வண்டி ஏறிப் போய்விட்டார்.

தனித்து நிற்க வேண்டும் என்றால் எங்கே? ஊர்க்குளத்தின் நடுவில் ஒரு மேடு இருந்தது. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர். இதைவிடத் தனியான இடம் சுண்டைச்சீமையில் இல்லை. வேலை ஆரம்பிக்கும்போது பொன்னுரங்கம் ஒரு பிரச்சினையைக் கிளப்பினார்.

"மேல் கோர்ட்டுதான பெரிசு? அதை முதல்ல கட்டிடுவோம். கீழ்க் கோர்ட்டைச் சாவகாசமாப் பார்த்துக்கலாம்."

நியாயமாகப் பட்டது. மேல் கோர்ட்டைக் கட்டி, பெயர்ப்பலகையும் மாட்டினார்கள். பிறகு அதன் தலைமேல் மரப்பலகைகளை அடுக்கிக் கீழ்க் கோர்ட்டைக் கட்டினார்கள். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, கீழ்க் கோர்ட்டு மேலேயும் மேல் கோர்ட்டு கீழேயும் இருந்தன. கொத்தனார் சதி செய்துவிட்டான் என்று அவனை நாலு சாத்து சாத்திவிட்டுப் பெயர்ப்பலகைகளை மாற்றி மாட்டினார்கள்.

அடுத்தது நியமனம். மூன்று மந்திரிகளும்தான் குழு. ஆளைப் பார்க்கக் கூடாது என்பதால் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொள்வதற்கு முன்னால் சடைமுத்து தன் மருமகனிடம், "நீ இருமு" என்று சொல்லி வைத்திருந்தார். பொன்னுரங்கம் தன் அண்ணன் மகனிடம் அதையேதான் சொல்லியிருந்தார். ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். இரண்டு பேர் இருமினார்கள். அதைக் கேட்டு, இதுதான் விதிமுறை போலிருக்கிறது என்று எல்லோரும் இருமத் தொடங்கினார்கள். குழு குழம்பிப் போயிற்று.

அப்போது கோட்டைச்சாமி தொண்டையைச் செருமினார்.

"பக்கத்து நாட்டுல நீதிபதியை எப்படிக் கூப்பிடுறாங்க? கனம் நீதிபதி அவர்கள்னுதான? அப்ப கனம்தான் தகுதி. தூக்கிப் பார்த்துடுவோம்."

கோட்டைச்சாமியின் மனைவிக்குத் தளவாய் என்று ஒரு தம்பி. பந்தியில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் எழுந்து போய்விடுவார், இடம் போதாது. குழு ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தது. தளவாயை மூன்று பேரும் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. இப்படியாக, யார் முகத்தையும் பார்க்காமல், பெரிய மந்திரியின் மைத்துனர் ஏகமனதாக நீதிபதி ஆனார்.

"அத்தான், எனக்குச் சட்டம் ஒண்ணும் தெரியாதே" என்றான் தளவாய்.

"நம்ம நாட்டுல சட்டமே இல்ல மாப்பிள்ளை. அப்புறம் எதைத் தெரிஞ்சுக்கப் போற? எருமை எனக்குன்னு சொல்லிடு, போதும்."

அவனுக்குக் கறுப்பு அங்கி ஒன்று தைத்தார்கள். நாட்டில் இருந்த கறுப்புத் துணி முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று. மேட்டுக்கு அழைத்துப் போய், எந்தப் பக்கமும் சாய்ந்துவிடாதபடி கீழ்க் கோர்ட்டுத் தூணோடு நிற்க வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு, நேராக நிற்கிறான் என்று சரிபார்த்தார்கள். பிறகு கரைக்கு வந்து நியமன உத்தரவைச் சத்தமாகப் படித்தார்கள். அந்த நிமிஷம் முதல் அவனை யாரும் நெருங்கக் கூடாது.

வழக்கு ஆரம்பித்தது. கரையின் ஒரு பக்கம் ஆவுடை, மறுபக்கம் கோட்டைச்சாமி. ஆவுடை கத்திக் கத்தித் தன் கதையைச் சொன்னாள். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் அது அடுத்த ஊருக்குத்தான் கேட்டது. கோட்டைச்சாமி வைக்கோலைப் பற்றி நீளமாகப் பேசினார். வெயில் ஏறியது. அங்கிக்குள் தளவாய் வெந்துகொண்டிருந்தான். கயிறு வயிற்றை அறுத்தது. கொஞ்சம் நெளிந்தான்.

"கனம் நீதிபதி வடக்கே சாயுறாங்க!" என்று அலறினார் பொன்னுரங்கம்.

நிமிர்ந்தான். மத்தியானம் ஆயிற்று. அவன் வாழ்நாளில் சோற்றைத் தவறவிட்ட முதல் மத்தியானம் அது. அக்காள் பிச்சம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். சடைமுத்து மறித்தார்.

"வழக்கு நடக்கும்போது சோறு கொடுத்தா அது லஞ்சம்."

"என் தம்பிக்கு நான் சோறு கொடுக்கிறது லஞ்சமா?"

"அவங்க இப்ப தம்பி இல்ல தாயி. கோர்ட்டு."

குழம்பின் வாசனை தண்ணீரைத் தாண்டிப் போயிற்று. தளவாய்க்குத் தாங்கவில்லை. "டேய், அவிழ்த்து விடுங்கடா!" என்று குளமே அதிரக் கத்தினான்.

பொன்னுரங்கம் பயபக்தியோடு கைகூப்பினார். "தீர்ப்பு வந்துடுச்சு. எருமையை அவிழ்த்து விடச் சொல்லிட்டாங்க."

"தன்னைத்தான்யா அவிழ்க்கச் சொல்றான்!" என்றார் கோட்டைச்சாமி.

"வழக்கு எருமையைப் பத்தி. கட்டியிருக்கிறது எருமையை. தீர்ப்பு அவிழ்த்து விடுன்னு. இதைவிடத் தெளிவா ஒரு நீதிபதி எப்படிச் சொல்லுவாரு?" என்றார் சடைமுத்து. அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனம் குளிர்ந்திருந்தது.

எருமையை அவிழ்த்து விட்டார்கள். அது யாரையும் பார்க்காமல் நேரே ஆவுடை வீட்டுக்குப் போய், அன்றைக்கே கன்று போட்டது. ஆவுடை கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீதிமன்றம் என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் நல்ல விஷயம் என்று பட்டது.

கோட்டைச்சாமி விடுவாரா? மேல் கோர்ட்டுக்குப் போவதாக அறிவித்தார். நாட்டில் இருப்பது ஒரே நீதிபதி. ஆகவே மேல் கோர்ட்டுக்கும் தளவாய்தான். அவனை மேலே ஏற்ற வேண்டும், நெருங்கவும் கூடாது. சபை வெகுநேரம் யோசித்தது.

"பின்பக்கமா நடந்து போவோம். முகம் கரையைப் பார்த்துத்தான இருக்கும்? பார்க்கிறவங்களுக்கு விலகிப் போற மாதிரிதான் தெரியும்" என்றார் பொன்னுரங்கம்.

முதுகு காட்டிக்கொண்டே தண்ணீருக்குள் நடந்தார்கள். இரண்டு பேர் விழுந்து எழுந்தார்கள். பத்துப் பேராகச் சேர்ந்து தளவாயைக் கட்டோடு தூக்கி, ஏணி வழியாக உருட்டித் தள்ளி, உச்சிப் பலகையில் நட்டிருந்த கம்பத்தில் கட்டினார்கள். இறங்கியதும் சடைமுத்து ஏணியை உடைத்துத் தண்ணீரில் போட்டார். நீதிபதியை இறக்க முடியாமல் இருக்க வேண்டும் அல்லவா?

தளவாய்க்கு உயரம் என்றால் பயம். கட்டிலில்கூட ஏறமாட்டான், தரையில் பாய்தான். பலகை ஆடியது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தான்.

"ஐயோ, இறக்குங்கடா! உடனே இறக்குங்கடா!"

"மேல் கோர்ட்டுத் தீர்ப்பும் வந்துடுச்சு" என்றார் சடைமுத்து. "யாரையோ இறக்கச் சொல்லிட்டாங்க."

"அவனைத்தான்!" என்றார் கோட்டைச்சாமி.

"அதெப்படி? நீதிபதியை இறக்க முடியாது. முடியாத ஒண்ணைக் கனம் நீதிபதி சொல்லுவாங்களா? உசந்த இடத்துல இருக்கிற வேற யாரையோதான் இறக்கச் சொல்றாங்க. இந்த நாட்டுல உசந்த இடத்துல இருக்கிறது யாரு?"

எல்லோரும் கோட்டைச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டைச்சாமியும் தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"இதுக்கும் மேல கோர்ட்டு உண்டா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

பொன்னுரங்கம் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "இல்ல. அதுக்கு மேல வானம்தான் இருக்கு."

கோட்டைச்சாமியின் பதவி அன்று மாலையே போயிற்று. வீட்டுக்குப் போனால், தம்பியைப் பரணில் ஏற்றிவிட்டு வந்தவனுக்குச் சோறு ஒரு கேடா என்று பிச்சம்மாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டாள். சடைமுத்து பெரிய மந்திரி ஆனார். தனக்குப் பதவி கொடுத்த கோர்ட்டின்மேல் அவருக்கு அளவுகடந்த மரியாதை உண்டாயிற்று. அதை யாரும் தொடக் கூடாது என்று காவல் போட்டார்.

நீதிபதிக்குச் சோறு? அதற்கும் வழி கண்டார்கள். இரண்டு தரப்பும் சமமாகக் கொடுத்தால் சாய்வு வராது. நீளமான மூங்கிலின் நுனியில் கொட்டாங்கச்சியைக் கட்டி, மேட்டை நெருங்காமல், தண்ணீரில் தள்ளி நின்றே நீட்டினார்கள். அண்ணன் தம்பி பாகத் தகராறு ஒன்று வந்தது. அண்ணன் கஞ்சத்தனமாக அரைக் கொட்டாங்கச்சி கஞ்சி ஊற்றினான். தம்பி, அண்ணனைவிட ஒரு பருக்கை கூடிவிடக் கூடாது என்று எண்ணிப் போட்டான். அடுத்த வழக்கில் எதிராளி முதலில் கொடுக்கட்டும் என்று இரண்டு பேருமே காத்திருந்தார்கள். கனம் நீதிபதியின் கனம் இறங்கிக்கொண்டே வந்தது. அவன் பசியில் என்ன கத்தினாலும் அது யாருக்காவது தீர்ப்பாகிவிட்டது. "தண்ணி, தண்ணி" என்று கத்தியதில் ஒருவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் கிணறு கிடைத்தது.

ஒரு மழை நாளில், கரையில் ஒருவரும் இல்லாதபோது, தளர்ந்த கயிற்றுக்குள்ளிருந்து தளவாய் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான். அங்கி கம்பத்திலேயே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குளத்தில் குதித்து, தவழ்ந்து கரையேறி, பக்கத்திலிருந்த ஆவுடை வீட்டில் போய் விழுந்தான். அவள் எருமைத் தயிரை ஊற்றிப் பழைய சோறு போட்டாள். பானை காலியாகும்வரை அவன் நிமிரவில்லை. பானை காலியானதும் அழுதான்.

மழை விட்டு ஜனங்கள் கரைக்கு வந்தார்கள். கம்பத்தில் அங்கி அசைந்துகொண்டிருந்தது. கோர்ட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"முன்ன சும்மா கத்திட்டே இருப்பாங்க. இப்பதான் பதவிக்கேத்த நிதானம் வந்திருக்கு" என்றார் பொன்னுரங்கம்.

வழக்குகள் வந்தபடி இருந்தன. தீர்ப்பு மட்டும் வரவில்லை. யாரும் தோற்காததால் எல்லோருக்கும் திருப்தி.

உடம்பு கொஞ்சம் தேறியதும் தளவாய் சந்தைக்கு வந்தான். நேரே சடைமுத்துவிடம் போனான். "ஐயா, நான்தான் நீதிபதி தளவாய். இறங்கி வந்துட்டேன். எனக்கு இந்த வேலை வேண்டாம். அங்க வெறும் அங்கிதான் தொங்குது."

சடைமுத்துவின் முகம் கறுத்தது. "நீதிபதியை இறக்க முடியாது. நீ இறங்கியிருக்க. அப்ப நீ நீதிபதி இல்ல. நீதிபதி இல்லாதவன் நீதிபதின்னு சொல்லிக்கிட்டா அதுக்கு என்ன பேரு தெரியுமா? ஆள்மாறாட்டம்!"

"அவன் தளவாய்தாங்க ஐயா, என் வீட்டுலதான் சாப்பிட்டான்" என்றாள் ஆவுடை.

"கனம் நீதிபதி யார் வீட்டுலயும் சாப்பிட மாட்டாங்க" என்றார் பொன்னுரங்கம்.

தளவாயைப் பிடித்துக் குளக்கரையில் நிறுத்தினார்கள். கனம் நீதிபதி போல் வேஷம் போட்டு ஊரை ஏமாற்றினான் என்று சடைமுத்து குற்றச்சாட்டை உரக்கப் படித்தார். ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உச்சிப் பலகையைப் பார்த்தார்கள். காற்றில் அங்கியின் கை ஒன்று மெதுவாக உயர்ந்து தாழ்ந்தது.

தளவாயும் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பொன்னுரங்கத்தின் காதருகே குனிந்து கேட்டான்:

"ஐயா, இவரு எப்படி? கொஞ்சம் இரக்கமுள்ள ஆளா?"