மணையில் அமர்ந்த பூசணி

முன்னொரு காலத்தில், மாரி பிழையாததும் கோயில் மணியோசை ஓயாததுமான ஒரு நாட்டை, நீதியில் பெருவிருப்பும் பொறுமையில் சிறுகுறையும் உடைய அரசர் ஒருவர் ஆண்டுவந்தார். அவர் அவையில் மருதக்கூத்தர் என்னும் விகடர் இருந்தார். அரசரைச் சிரிக்கவைப்பது அவர் பணி. அதற்காகவே அவரை வெறுத்தவர்களுள் தலையாயவர், நகரவாயிற் சுங்கச்சாவடியின் தலைவர் அரங்கநம்பி.

ஒருநாள் தில்லையப்பன் என்னும் வெற்றிலைக் கொடிக்கால் உழவன் கூடையோடு அவைக்கு வந்து அழுதான். கூடையில் வெற்றிலை கறுத்து அழுகிக் கிடந்தது.

"மகாராசா, என்னை வாசல்லயே நிறுத்திப்புட்டாங்க. எனக்குப் பின்னால வந்த வண்டியெல்லாம் உள்ள போகுது. 'மணைக்குக் கீழ என்ன வெச்சே?'ன்னு காவக்காரர் கேக்குறார். வெத்தலை விக்காம நான் என்னத்தை வைக்க?"

சாவடியில் அப்படியொரு வழக்கம் இருந்தது. தலைவர் அமரும் உயரமான மணையின் கீழே வணிகர்கள் நெய்ச்செம்போ பட்டோ பாக்கோ வைத்து வணங்குவார்கள். அவர் குனிந்தும் பாரார். ஆனால் வைத்தவர் பொதிக்கே முதலில் முத்திரை விழும்.

அரங்கநம்பி சிறிதும் கலங்கவில்லை. "அரசே, ஒருவரிடமும் ஒன்றும் கேட்டு இந்த நா அசைந்ததில்லை. மக்கள் என்மீது கொண்ட அன்பினால் வைக்கிறார்கள். அன்பைக் கையூட்டு என்று பழித்த இவனுடைய கொடிக்காலைப் பறிமுதல் செய்தல் வேண்டும். ஐயமிருப்பின், யாவும் அறிந்த நம் விகடரே, அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பதுபோல, அன்பையும் கையூட்டையும் பிரித்துக் காட்டட்டுமே!"

அரசருக்கு அந்த வேடிக்கை பிடித்துவிட்டது. "நன்று! கூத்தரே, நாளை அந்திக்குள் இரண்டையும் என் கண்முன் தனித்தனியே காட்டும். இயலாவிடில் கொடிக்கால் கருவூலத்துக்கு. நீர் நாட்டுக்கு வெளியே."

தில்லையப்பன் கூத்தர் காலடியில் விழுந்தான். "சாமி, அந்தக் கொடிக்கால் போனா எம்புள்ளைங்களுக்குக் கஞ்சி கிடையாது. என்னால உங்களுக்கும் கேடு வந்துருச்சே."

"போய் நாளைக்கு வெற்றிலை பறியப்பா. அழுவதற்கு அந்திவரை நேரம் இருக்கிறது" என்றார் கூத்தர். பிறகு அரங்கநம்பியைப் பணிவோடு நோக்கினார். "ஐயா, மக்களின் அன்பு தங்கள்மீதுதானே? மணைமீது இல்லையே?"

"என்மீதுதான். நான் கானகத்தில் இருந்தாலும் தேடி வரும்."

"அரசே, தலைவர் வாய்மொழியை அப்படியே ஏற்கிறேன். கானகம் தொலைவு. குளக்கரை போதும்."

மறுநாள் விடியலில் பறையறைந்தார்கள்: "சுங்கத் தலைவர் இன்று குளக்கரை அரசமரத்தடியில் இருப்பார். அவர்மீது அன்புடையோர் அங்கே கண்டு மகிழலாம். சாவடி மணையில் அரசர் அமர்த்தியவர் இருப்பார்."

மணையில் கூத்தர் அமர்த்தியது ஒரு பெரிய பூசணிக்காயை. அதற்குத் தலைப்பாகை கட்டி, சந்தனமும் பூசியிருந்தார். வந்த வரிசைப்படி முத்திரையிடுமாறு காவலர்க்கு ஆணை. அரசரும் கூத்தரும் வாயிலின் மேல்மாடத்தில் மறைந்திருந்தார்கள். அங்கிருந்து சாவடியும் தெரியும், குளக்கரையும் தெரியும்.

பட்டு வணிகர் இருவர் வந்தார்கள். "அண்ணே, இது பூசணிக்காய் மாதிரி இருக்கே?"

"மாதிரி என்ன, பூசணியேதான். மணையில உக்காந்திருக்குல்ல? வெச்சுட்டு வா."

"பேசவே மாட்டேங்குதே!"

"பழையவர் மட்டும் பேசினாரா? கும்பிடுடா."

உச்சிப்பொழுதுக்குள் மணையின் கீழே இடமில்லை. நெய்ச்செம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அரசர் வாய்பொத்திச் சிரித்தார்.

குளக்கரையில் அரங்கநம்பி வெயிலில் வியர்த்து அமர்ந்திருந்தார். தெரிந்த முகங்கள் எல்லாம் அவரைக் கண்டதும் குளத்து மீனை ஆராய்ந்தபடி கடந்தன. ஒரே ஒரு மிளகு வணிகர் அருகே வந்தார். நம்பியின் முகம் மலர்ந்தது.

"ஐயா, உங்களுக்குத் தெரியாததா? புதுசா வந்திருக்கிறவருக்கு என்ன பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

மலர்ந்த முகம் கூம்பியது.

"அரசே, கையூட்டைக் கண்டீர்கள்" என்றார் கூத்தர்.

"அன்பு எங்கே? இரண்டையும் அல்லவா கேட்டேன்!"

கூத்தர் குளக்கரைப் பாதையை எட்டிப் பார்த்தார். மெய்யாகவே அவருக்கும் தெரியாது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முத்திரை பெற்ற வெற்றிலைக் கூடையுடன், விற்கப் போகாமல் வாயிலில் நின்ற தில்லையப்பன் மேல்மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது எண்ணெய்க்குடம் சுமந்து ஒருவர் குளக்கரை வழியே வந்தார். சாத்தப்பன் என்னும் செக்கார்.

"அடேய் ரங்கா! ஏண்டா வெயில்ல தனியா உக்காந்திருக்கே? சாப்பிட்டியா?" குடத்தை இறக்கிவைத்துக் கட்டுச்சோற்றை அவிழ்த்து, பாதியை அவர் கையில் வைத்தார். இருவரும் இளமையில் அதே குளத்தில் நீந்தியவர்கள்.

சோற்றைப் பிடித்தபடி அரங்கநம்பி கேட்டார். "இத்தனை காலமும் என்னைப் பார்க்கவே வரவில்லையே, சாத்தா?"

"எப்படிடா வருவேன்? வந்தா, காரியத்துக்கு வந்தான்னு ஊரு சொல்லும். நீயும் அப்படித்தான் நெனைப்பே. எண்ணெய்க்கு முத்திரை வேணும்னா வரிசையில நின்னு வாங்கிட்டுப் போயிடுவேன். நீ தின்னு."

மேல்மாடத்திலிருந்து அரசர் இறங்கிக் குளக்கரைக்கு வந்தபோது அரங்கநம்பி சோற்றுக் கையோடு எழுந்து தலைகவிழ்ந்தார். "அரசே, இரண்டையும் இன்று நானே உண்டறிந்தேன். கொடிக்கால் தில்லையப்பனுடையதே."

அன்று மாலையே அவையில் தீர்ப்பு வந்தது. மணையின் கீழிருந்தவை உரியவர்களுக்கே திருப்பித் தரப்பட்டன. வைத்தவர் பொதிகள் மறுநாள் வரிசையின் கடைசிக்குச் சென்றன. மணைக்குப் பதிலாக, கீழே எதையும் ஒளித்துவைக்க இயலாதபடி, திண்ணிய கல் ஒன்று இடப்பட்டது. வாடும் பொருளுக்கு முதல் முத்திரை என்று விதியாயிற்று. அரங்கநம்பி பதவி இழந்தார்.

அரசர் தம் கணையாழியைக் கழற்றி நீட்டினார். கூத்தர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது அரியணை தருவதா, தாங்கள் தருவதா? நாளை யார்க்கேனும் சாதகமாக நான் பேசவேண்டும் என்று தருவதானால், அந்தப் பூசணியிடமே கொடுத்துவிடுங்கள். அதற்கு வாங்கிப் பழக்கமாகிவிட்டது."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே அரியணையிலிருந்து இறங்கி, வெறுந்தரையில் நின்று, அவையோர் அனைவரும் காணக் கணையாழியை அவர் விரலில் இட்டார். சிரித்த அரசர் வாய் சிவந்திருந்தது. தில்லையப்பனின் வெற்றிலை, விலை கொடுத்து வாங்கியது.