பொதிக் கழுதையும் கரைப்பங்கும்

பொதியன் என்ற கழுதை யானையின் மண்டியில் மூட்டை சுமந்தது. கூலி கொள்ளு. மாலையானால் யானை அளந்து போடும். போடுவதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவிடும்.

அதற்குக் கரைப்பங்கு என்று பெயர். காட்டுக்கு இருந்தது ஒரே ஏரி. மழைக்கு முன்னால் காட்டுப்பன்றிகள்தான் அதன் கரைக்கு மண் அணைக்கும். வேலை நாளில் அவை இரை தேடப் போக முடியாது. அவற்றின் வயிற்றுக்குத்தான் அந்தப் பங்கு. வாங்கிச் சேர்ப்பது ஆமையின் வேலை.

பொதியன் அந்தப் பங்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கொடுத்தது யானை, வாங்கியது ஆமை. கழுதைக்கு என்ன தெரியும்?

ஒருநாள் பொதியன் மண்டியை விட்டு வெளியே வந்தது.

"இனி நான் யாருக்கும் கூலியாள் இல்லை! நானே முதலாளி!"

கரடிக்குத் தேன் வேண்டுமா? குகை வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. முள்ளம்பன்றிக்குக் கிழங்கா? வளை வாசலில் இறக்கியது. தொழில் நன்றாக ஓடியது. கூலி முழுசாகக் கைக்கு வந்தது.

"அடேயப்பா! இவ்வளவா! இத்தனை நாள் யானை என்னை ஏய்த்திருக்கிறதே!" என்றது பொதியன். ஏய்க்கவில்லை. யோசித்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

கோடையில் ஆமை வந்தது.

"பொதியா, கரைப்பங்கு எடு. மண்டியில இருந்தவரைக்கும் யானை கட்டுச்சு. இப்ப நீதான் கட்டணும். வருஷத்துக்கு நாலு தடவை வருவேன்."

"எதை வச்சுக் கட்டுறது ஆமையாரே? இன்னைக்கு மூட்டை கிடைக்கும், நாளைக்குக் கிடைக்காது. இந்த வருஷம் என்ன வரும்னு எனக்கே தெரியாதே!"

"தோராயமாப் போடு. லாடம் தேஞ்ச செலவைக் கழிச்சுக்க. கூடிப்போனா திருப்பித் தர்றேன். குறைஞ்சா அடுத்த தடவை சேர்த்துக் கொடு."

"எதுக்கு இந்தத் தொல்லை? வருஷக் கடைசியில மொத்தமாத் தர்றேன். உமக்கும் நடை மிச்சம்!"

"எனக்கு நடை பெரிசில்ல. உனக்குத்தான் வாய் பெரிசு" என்று சொல்லிவிட்டு ஆமை போயிற்று.

அடுத்த தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை பொதியன் புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"பொதியா, காது தெரியுது!"

"அது என் காது இல்ல!" என்றது புதர்.

ஆமை பெருமூச்சு விட்டுத் திரும்பியது.

வானம் கறுத்தது. ஏரிக்கரையில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. "எல்லாரும் பங்கைக் கொண்டு வாங்க!" என்று ஆமை சொல்லி அனுப்பியது.

பொதியன் கூலிக் கொள்ளைச் சேர்த்து வைக்கும் குழியைத் திறந்து பார்த்தது. அடியில் கொஞ்சம் கொள்ளு கிடந்தது. மற்றதெல்லாம் எங்கே? தின்றாயிற்று. தெரிந்த கழுதைகளுக்கெல்லாம் விருந்து வைத்தாயிற்று. வயிற்றுக்குள் போனதை எப்படித் திருப்பி எடுப்பது?

'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கம். அதைவிட வெட்கக்கேடான ஒரு காரியத்தைச் செய்தது. சாக்கில் ஆற்று மணலை நிரப்பியது. மேலாக அந்தக் கொள்ளைப் பரப்பியது. முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போயிற்று.

"அடடா, என்ன கனம்! சொன்னபடி மொத்தமாக் கொண்டு வந்துட்டியே! நான்தான் உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றது ஆமை.

அணில்கள் தாங்கள் கொண்டுவந்த சின்னப் பொட்டலங்களைப் பின்னால் மறைத்துக்கொண்டன. "பொதியண்ணன்னா பொதியண்ணன்தான்!" என்று கத்தின. பொதியனுக்குக் காது சுட்டது.

அந்தப் பெரிய மூட்டையை நம்பி ஆமை எல்லாப் பன்றிகளையும் ஒரே நாளில் வேலைக்கு இறக்கியது. மற்றவர்கள் தந்தது மதியத்தோடு தீர்ந்தது. சாயங்காலம் பொதியனின் மூட்டையைப் பிரிக்க, காரி என்ற தாய்ப்பன்றி வந்தது. குட்டிகள் சுற்றி நின்றன.

காரி மூக்கை உள்ளே விட்டது. மேலே கொள்ளு. அப்புறம் மணல். இன்னும் ஆழமாக விட்டது. மணல்தான்.

நிமிர்ந்து பொதியனைப் பார்த்தது. பொதியன் தரையைப் பார்த்தது.

காரி சாக்கின் வாயை மூடியது.

"புள்ளைங்களா, இது நாளைக்கு. தண்ணியக் குடிச்சிட்டு வாங்க, வேலை கிடக்கு."

"ஏன் காரி, இப்பவே கொடேன்?" என்றது ஆமை.

"கொள்ளு ஊற வேணாமா? அப்படியே தின்னா வயித்தை வலிக்கும்."

அவ்வளவுதான். பொதியன் தப்பித்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம். கால் நகரவில்லை.

குட்டிகள் வெறும் வயிற்றோடு மண் தள்ளின. கசிவு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு குட்டி தள்ளிய மண்ணின் மேலேயே சுருண்டு விழுந்தது. காரி ஓடிப்போய் அதை நக்கிக்கொடுத்தது. அப்போதும் பொதியனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பொதியனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மணல்! மூட்டையில இருக்கிறது மணல்! உங்க பங்கை நான் தின்னுட்டேன்!" என்று கத்தியது.

திட்டியிருந்தால் தேவலை. அணில்கள் மெல்ல விலகிப் போயின.

"கத்தாதே, குட்டி தூங்குது" என்றது காரி. "அந்த மணலையாவது கொண்டாந்து இந்த ஓட்டையில கொட்டு."

பொதியன் கொட்டியது. பிறகு ஆற்றுக்கும் கரைக்குமாக மணல் சுமந்தது. முதுகுத் தோல் உரிந்தது. ஓட்டை அடைபட்டது. மழை வந்தது. கரை நின்றது.

தின்ற பங்கை அடைத்து முடிக்கப் பொதியனுக்கு வெகுகாலம் பிடித்தது. தாமதித்ததற்கு ஆமை கூடுதலாகவும் அளந்து வாங்கியது. இப்போதெல்லாம் கூலி வந்ததுமே கரைப்பங்கைத் தனிக்குழியில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறது. காரி எதிரே வந்தால் மட்டும் இன்னும் தலை தானாகத் தாழ்கிறது.

கைக்கு வந்ததில் ஊர்ப்பங்கை அன்றன்றே ஒதுக்கி வைக்காதவன், கேட்கிற நாளில் ஊர் முன்னே தலைகுனிந்து நிற்பான்.