சிலந்தி காட்டிய சக்கரப் படம்

காட்டு ஏரியின் மதகில் நூலி என்ற சிலந்தி குடியிருந்தது. மதகுக் கதவைத் தூக்கும் இரும்புச் சக்கரத்துக்கு அடியில்தான் அதன் வலை. எந்தப் பக்கம் சுற்றினால் கதவு ஏறும், எந்தப் பக்கம் சுற்றினால் இறங்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் சுற்ற வலு வேண்டாமா? அதனால் குரங்குகளுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தது.

வாயால் சொன்ன வரைக்கும் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். பாதிக் குரங்குகள் தூங்கின. மீதி பேன் பார்த்தன.

நூலி யோசித்தது. இரண்டு மரங்களுக்கு நடுவே திரைபோல நெருக்கமாக ஒரு வலை பின்னியது. இலையை நறுக்கிச் சக்கரமும் கதவும் செய்து, சாயங்கால வெயிலில் திரைக்குப் பின்னால் ஆட்டியது. திரையில் நிழல்சக்கரம் சுற்றியது, கதவு ஏறியது, தண்ணீர் பாய்ந்தது!

"இன்னொரு தடவை, டீச்சர்!" என்று குரங்குகள் கத்தின. முன்னால் இடம் கிடைக்காத தாவன் என்ற குரங்கு, திரைக்குப் பின்பக்கக் கிளையில் உட்கார்ந்து பார்த்தது.

ஒரு நாரை மட்டும் சிரித்தது. "படத்துச் சுரைக்காயும் கறிக்கு உதவாது, டீச்சர்! இதுங்க யாராவது சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துச்சா?"

"அது ஒரே துரு! படத்திலேயே எல்லாம் இருக்கு!" என்றது நூலி. கைதட்டல் அதன் தலைக்கேறியிருந்தது.

ஐப்பசி மழை கொட்டியது. ஏரி நிரம்பி, கரை ஓரமாகக் கரையத் தொடங்கியது. கரைக்குக் கீழேதான் முயல்களின் வளைகள். பிறந்து இரண்டு நாளான குட்டிகள் அங்கே கிடந்தன.

மற்ற குரங்குகள் மலைக்கு ஓடிவிட்டன. தாவன் மட்டும் மதகுக்கு ஓடிவந்து சக்கரத்தை முழு பலத்தோடு சுற்றியது. ஏற வேண்டிய கதவு இன்னும் இறுகியது!

"தாவா! மாத்திச் சுத்துறே!"

"இல்ல டீச்சர்! படத்துல இப்படித்தான் சுத்துச்சு! நான் பின்னால உட்கார்ந்து நல்லாப் பார்த்தேன்!"

நூலிக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னாலிருந்து பார்த்தால் வலம் இடமாகும், இடம் வலமாகும். இதை அது யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மறுபடி படம் காட்ட வெயிலும் இல்லை. திரையை மழை கிழித்திருந்தது.

நூலி சக்கரத்தின் மேல் குதித்து, விளிம்போடு ஓடியது. "நான் ஓடுற பக்கம் திருப்பு!"

தாவன் பல்லைக் கடித்துத் திருப்பியது. துரு உதிர்ந்தது. சக்கரம் அசைந்தது. கதவு ஏற, தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. கரை நின்றது, குட்டிகள் பிழைத்தன.

நூலி வெட்கப்பட்டது. மழை விட்டதும் முதல் வேலையாகப் புதுத் திரையைச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டியது. படம் முடிந்ததும் ஒவ்வொரு குரங்கும் சக்கரத்தைச் சுற்றிக் காட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போகலாம் என்றது.

கண்ணுக்குக் காட்டியது பாதிப் பாடம்தான். கை செய்து பழகினால்தான் அது தொழிலாகும்.