குட்டைக் கோதுமைக்காகச் சண்டை போட்ட காடை

காட்டோர வயலில் கோதுமை முற்றி நின்றது. அறுப்பதற்கு முன்பே விதைக்கதிர் பொறுக்கிவிடுவது அங்கே வழக்கம். பொறுக்குகிறவர் நாரைத் தலைவர். தன் கழுத்தை எட்டும் செடிதான் அவருக்கு விதை. எட்டாததெல்லாம் தீனி!

"ஆகா, என்ன உயரம்! இதுதான் விதை!" என்றார் நாரை.

"என்ன உயரம்! என்ன உயரம்!" என்றது கிளி, அதே கரகரத்த குரலில்.

காடைக்குக் கண் சிவந்தது. போன வருஷம் ஒரே ஒரு காற்றில் அந்த உயரமெல்லாம் சாய்ந்து, கதிர் சேற்றில் அழுகிப்போனது. காடையின் கடைக்குட்டி பசியிலேயே செத்தது.

"யோவ் நாரை! நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டு காடை குறுக்கே விழுந்தது. "நாம தின்னப்போறது தாளையா, மணியையா? குனிஞ்சு பாரு! இந்தக் குட்டைச் செடி அடியிலேருந்து எத்தனை தூர் கிளைச்சிருக்கு! ஒவ்வொரு தூரிலும் கதிர்!"

"கத்தாதே! நான் குனிகிற ஆளில்லை!"

"அணிலே, நீ கசக்கிக் காட்டு!" என்று காடை கூட்டத்தில் நின்ற அணிலைக் கூப்பிட்டது.

அணில் நெட்டைக் கதிரைக் கசக்கியது. பாதி பதர், மீதி சோனி மணி. குட்டைக் கதிரைக் கசக்கியது. கை நிறையக் கொழுத்த மணி!

கூட்டம் முணுமுணுத்தது. நாரை சிறகை உதறினார். "இந்தக் குள்ளனை விதைச்சா பக்கத்துக் காட்டுக்காரன் சிரிப்பான்! நம்ம மானம் என்ன ஆகிறது?"

"மானம்! மானம்!" என்றது கிளி. எல்லாரும் தலையாட்டினார்கள்.

"உன் மானத்தை என் குஞ்சு தின்னுமா?" என்று காடை சீறியது. தீனியில் தனக்கு வந்த பங்கு முழுவதையும் குட்டைக் கதிராகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

அந்தக் கோடை முழுக்கக் காடை வீட்டில் புல்லரிசியும் கரையானும்தான் சாப்பாடு.

"அம்மா, ஒரே ஒரு கோதுமை மணி..." என்று ஒரு குஞ்சு கெஞ்சியது.

"தொட்டே, காலை ஒடிச்சிருவேன்!" என்றது காடை. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பருவம் வந்ததும் தன் வீட்டோரக் கரையான் புற்றுக்குப் பக்கத்தில் காடை தனியாக விதைத்தது. பயிர் முற்றும் நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. பெரிய வயல் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. காடையின் குட்டைப் பயிர் ஆடியது, அசைந்தது, விழவில்லை!

பசித்த கூட்டம் புற்றடிக்கு வந்தது. முதல் ஆளாக நாரை!

"நானும் அப்பவே குட்டைதான் நல்லதுன்னு நினைச்சேன்..." என்று ஆரம்பித்தார்.

காடை பறந்துபோய் அவர் காலில் நறுக்கென்று கொத்தியது. "நினைச்சியா? என் பிள்ளைங்க பட்டினி கிடந்தப்போ எங்கேய்யா போச்சு உன் நினைப்பு? விதை எல்லாருக்கும் தர்றேன், உனக்கும் தர்றேன். ஆனா இனிமே விதைக்கதிர்மேல நீ கால் வைக்கக் கூடாது!"

நாரை கிளியைப் பார்த்தார். கிளி வானத்தைப் பார்த்தது.

"டேய் பசங்களா, வாங்கடா!" என்று காடை குஞ்சுகளைக் கூப்பிட்டது. "முதல் கதிர் உங்களுக்குத்தான். வயிறு முட்டத் தின்னுங்க!"

மணிக்காகப் பயிரிடுகிறவர்கள் மணியைப் பார்த்தே விதை எடுக்க வேண்டும். பெருமைக்காக விதை எடுத்தால் பட்டினி கிடப்பது பிள்ளைகள்தான்.