நொண்டிக் காட்டிய ஆள்காட்டி

குளத்தங்கரைச் சரளையில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. பக்கத்துக் கோரைப் புதரில் ஒரு நீர்க்கோழி கூடு கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அந்தப் பக்கம் கீரி வந்தது. உடனே ஆள்காட்டி ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி நொண்டியது. அடிபட்ட பறவை, சுலபமாகப் பிடித்துவிடலாம் என்று கீரி பின்னாலேயே போனது. முட்டைகளை விட்டு வெகுதூரம் போனதும் ஆள்காட்டி விருட்டென்று பறந்துவிட்டது!

ஏமாந்த கீரி நீர்க்கோழியிடம் வந்து நின்றது.

"பாத்தியா தங்கச்சி! அடிபட்டுக் கெடக்கே, தூக்கி விடலாம்னு போனேன். கரை முழுக்க அலைய விட்டுட்டுப் பறந்துட்டா!"

"நானும் பாத்துக்கிட்டுத்தாண்ணே இருந்தேன். நல்லா இருக்கற சிறகை யாராவது இழுத்துக்கிட்டு நொண்டுவாங்களா? சரியான நடிப்புக்காரி!"

"என் மனசு உனக்காவது புரிஞ்சுதே" என்றது கீரி. குனிந்த தலை நிமிராமல் பேசியது. அந்தப் பணிவு நீர்க்கோழிக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அது ஆள்காட்டியோடு பேசுவதையே விட்டுவிட்டது.

நாட்கள் போயின. ஆள்காட்டியின் குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோயின. நீர்க்கோழியின் கூட்டில் அப்போதுதான் ஐந்து குஞ்சுகள் பொரிந்திருந்தன.

நண்பகலில் கீரி கோரைக்குள் மெல்லத் தலையை நுழைத்தது. ஆள்காட்டி எங்கிருந்தோ பாய்ந்து வந்து அதன் மூக்குக்கு முன்னால் விழுந்தது. சிறகை இழுத்தது. கீச்சிட்டது. முன்பைவிட மோசமாக நொண்டியது. இந்தத் தடவை நிஜமாகவே அடிபட்டிருக்குமோ? கீரிக்கு நாவூறியது. புதரை விட்டு வெளியே வந்து பத்தடி போனது, இருபதடி போனது.

குஞ்சுகளைப் பார்க்கத்தான் அண்ணன் வந்திருக்கிறார் என்று தண்ணீரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நீர்க்கோழிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, நம்பாதீங்க! மறுபடியும் நடிக்கிறா! சிறகுக்கு ஒண்ணுமே இல்லே!"

கீரி நின்றது. திரும்பியது.

"நல்ல வேளை சொன்னே, தங்கச்சி!"

கோரை கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு அடங்கியது. ஐந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நீர்க்கோழி தண்ணீரில் நின்று கதறியது. "உன் குஞ்சுங்கதான் பறந்து போச்சே! அப்புறம் யாருக்காகடி நொண்டினே?"

"உன் குஞ்சுங்களுக்காகத்தான்" என்றது ஆள்காட்டி.

ஒருவர் செய்வதைப் பார்த்துவிட்டு, யாருக்காகச் செய்கிறார் என்று பாராமலே அவர் குணத்தை எடைபோடுகிறவர், காப்பவரை ஒதுக்கிவிட்டு, கொல்பவனுக்கு வழிகாட்டுகிறார்.