தமயந்தியின் முடிச்சு

அன்று பலவேசத்துக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாட்டில் குறையில்லை. குறை தமயந்தியால் வந்தது.

தடயவியல் ஆய்வகத்தின் கருவித் தடயப் பிரிவில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. உடைந்த பூட்டில் விழுந்த கீறலையும் போலீஸ் கைப்பற்றிய உளியையும் நுண்ணோக்கியில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது வேலை. பார்த்த பிறகு அறிக்கையை மூன்று விதமாகத்தான் முடிக்கலாம். இந்தக் கருவிதான். இந்தக் கருவி அல்ல. கருத்துக் கூற இயலவில்லை.

போன மாதம் ஒரு கொலை வழக்கில் தமயந்தி மூன்றாவதை எழுதினார். அதற்காக நீதிபதி எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டிவிட்டார். தெரியாது என்று சொன்னவளுக்கு மாலை மரியாதை, கண் பூத்துப்போக உட்கார்ந்து 'இதுதான்' என்று எழுதுகிறவனுக்கு ஒரு வார்த்தை கிடையாதா? பலவேசத்துக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றில் சோறு எப்படி இறங்கும்?

இருவருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பிரிவுத் தலைவி ஜமீலா. பலவேசம் நேராக அவர் அறைக்குப் போனார். மேசைமேல் உண்டியல் வழக்கின் கட்டு இருந்தது. கோயில் உண்டியலை உடைத்ததாக ஒரு தேங்காய் வியாபாரி ஜெயிலில் இருந்தான். ஊரெல்லாம் அதே பேச்சு.

"மேடம், இதை எனக்குக் கொடுங்க."

"ஏன்?"

"எல்லாம் தமயந்திக்கே போகுது. அவங்களுக்கு என்ன தெரியும்? தெரியலைன்னு எழுதத் தெரியும்."

ஜமீலா சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து சின்னக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதை ஏற்கெனவே ஒருத்தர் பார்த்தாச்சு. ரெண்டாவது ஆளா நீங்க பாருங்க. முதல்ல பார்த்தது யாரு, என்ன முடிவுன்னு சொல்லமாட்டேன். அதானே நம்ம வழக்கம்? முடிச்சிட்டு வாங்க, உண்டியலைப் பத்திப் பேசுவோம்."

பலவேசம் தன் மேசைக்கு வந்து கட்டைத் திருப்பினார். நூலில் இரட்டைச் சுற்று, நடுவில் ஒரு மடிப்பு. பக்கத்து மேசையில் தினமும் பார்க்கிற முடிச்சு அது.

'மாட்டினாளா!' என்று மனத்துக்குள் துள்ளினார். வழக்கம்போல 'இயலவில்லை' என்றுதான் எழுதியிருப்பாள். இன்று தெரிந்துவிடும் யாருக்குக் கண் இருக்கிறதென்று.

உள்ளே ஓர் உளியும் கீறல் விழுந்த ஈயத் தகடும் இருந்தன. நுண்ணோக்கியில் கோட்டோடு கோடு சேர்ந்தது. ஓரத்தில் மட்டும் இரண்டு கோடுகள் விலகி நின்றன. தகட்டைத் திருப்பி வைத்தார், விளக்கைச் சாய்த்தார். அப்போதும் விலகித்தான் நின்றன.

'கருத்துக் கூற இயலவில்லை' என்று எழுதலாம். எழுதினால் அது தமயந்தியின் விடை. அவள் வாலைப் பிடித்துக்கொண்டு போகவா இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம்? உளியில் பிடித்த துருவாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, 'இந்த உளியால் ஏற்பட்ட கீறலே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜமீலா படித்தார்.

"உறுதியா?"

"உறுதியா, மேடம்."

"கூண்டுல ஏறியும் இதையே சொல்வீங்களா?"

"எங்க வேணாலும் சொல்வேன்." பலவேசத்தின் கை அதற்குள் உண்டியல் கட்டின்மேல் போய்விட்டது.

ஜமீலா இழுப்பறையைத் திறந்து இன்னோர் உளியை எடுத்து முதல் உளிக்குப் பக்கத்தில் வைத்தார். அதே நீளம், அதே கம்பெனி முத்திரை.

"தகட்டுல கீறினது இது. நானே கீறினேன். உங்ககிட்ட கொடுத்தது இதோட சேர்த்து வாங்கின இன்னொண்ணு."

பலவேசம் கையை இழுத்துக்கொண்டார்.

"நல்லவேளை, இதுல ஜெயில்ல யாரும் இல்லை" என்றார் ஜமீலா. உண்டியல் கட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

வெட்கத்தில் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் உள்ளே அரித்துக்கொண்டிருந்த கேள்வி முந்திக்கொண்டது.

"தமயந்தி என்ன எழுதியிருந்தாங்க, மேடம்?"

"தமயந்தி இதைத் தொடவே இல்லையே. முதல்ல பார்த்தது நான்தான்."

"கட்டுல அவங்க முடிச்சு இருந்துச்சே! அது அவங்க முடிச்சேதான், எனக்குத் தெரியாதா?"

ஜமீலா மேசையில் கிடந்த ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட்டார். இரட்டைச் சுற்று, நடுவில் ஒரு மடிப்பு. முடிச்சைப் பலவேசத்தின் முன்னால் வைத்தார்.

"இதை அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான், பலவேசம். அன்னைக்கு நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க."