பெஞ்சோடு வந்த பூட்ஸ்

வெள்ளரிக்குளத்தில் புத்தி இல்லாதவர் என்று யாரும் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் இருந்தது. காரியம் என்று வந்துவிட்டால் எல்லாரும் அதைக் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டுவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கும்.

மாசானத்துக்கு அரிசி ஆலையில் காவல் வேலை வருவதாக இருந்தது. வேலை கிடைத்தால்தான் பெண் தருவேன் என்று தாய்மாமன் சொல்லியிருந்தார். ஆலை மேனேஜரோ, "காலையில பூட்ஸ் போட்டுட்டு வா. பளபளன்னு இருக்கணும். வேலை நேரத்துல கழட்டக் கூடாது. ஆலைக்குள்ள இருந்து ஒரு துரும்பு வெளிய போனாலும் உன் வேலையும் சேர்ந்து போயிடும்" என்றார்.

பூட்ஸ் இருந்தது. செத்துப்போன பட்டாளத்துப் பெரியப்பாவுடையது. அடிப்பாகம் நாய் கொட்டாவி விடுவதுபோல் பிளந்து கிடந்தது. செருப்புத் தைப்பவர் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி பஸ் படியில் நின்றுகொண்டிருந்தார். "பெஞ்சு மேல வச்சு, ஆட்டம் நிக்கிற வரைக்கும் ஆணி அடிங்க" என்றார். பஸ் போய்விட்டது.

மாசானத்தின் கூட்டாளிகள் மூவரும் கூடினார்கள். மூத்தவர் பிச்சையா அண்ணாச்சி. மற்ற இருவர் தங்கப்பழமும் கோட்டைச்சாமியும்.

"கால் உள்ள போக மாட்டேங்கு அண்ணாச்சி" என்றான் மாசானம்.

"விரலைக் கொஞ்சம் குறைச்சாத்தான் என்ன?" என்றான் தங்கப்பழம்.

"பூட்ஸை வெட்டலாம்லா?"

"அது பெரியப்பா பொருள். அடுத்தவர் பொருள்ல கை வைக்கலாமாலே? விரல்னா உன் சொந்தம்" என்றார் அண்ணாச்சி.

பெரியப்பா ஒன்றும் சொல்லமாட்டார் என்று மாசானம் அழாத குறையாகச் சத்தியம் செய்த பிறகு பூட்ஸின் முனையை வெட்டினார்கள். போட்டுப் பார்த்தபோது பத்து விரலும் வெளியே எட்டிப் பார்த்தன. பளபளன்னு இருக்க வேண்டுமே! விரல்களுக்கும் கறுப்புப் பாலிஷ் போட்டுத் தேய்த்தார்கள்.

பிறகு பூட்ஸைக் கழற்றி பெஞ்சில் வைத்து, உள்பக்கமிருந்து ஆணி அடித்தார்கள். கோட்டைச்சாமி ஆட்டிப் பார்த்தான். "ஆடுது." அதைவிட நீள ஆணி அடித்தார்கள். "இன்னும் ஆடுது." கடைசியில் கூரைக்கு அடிக்கிற ஆணியை இறக்கினார்கள். கோட்டைச்சாமி பிடித்து உலுக்கினான். "பெஞ்சுதான் ஆடுது. பூட்ஸ் ஆடல!"

காலையில் மாசானம் பெஞ்சில் ஏறி பூட்ஸைப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினான். "காலைத் தூக்க வரலியே அண்ணாச்சி!"

"ஆட்டம் நின்னுட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்."

மூவரும் பெஞ்சைத் தூக்கினார்கள். மேலே மாசானம் விறைப்பாக நின்றுகொண்டு போனான். தெருவில் ஒரு அம்மாள் அவசரமாகச் சூடம் ஏற்றிக் கும்பிட்டாள்.

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முந்தைய காவல்காரன் எந்நேரமும் டீக்கடையில் கிடந்தவன். 'இவன் எங்கேயும் போகமாட்டான்' என்று தோன்றியது. வாசலுக்கு உட்புறம் பெஞ்சை இறக்கச் சொன்னார்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் கூட்டாளிகள் வந்து பெஞ்சில் கை வைத்தார்கள்.

"வைங்கவே கீழ! ஆலைக்குள்ள உள்ள பெஞ்சு. வெளிய விட மாட்டேன்" என்று அதட்டினான் மாசானம்.

"லே, நாங்க கொண்டாந்த பெஞ்சுலே!"

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்லுவான்."

"அப்ப பூட்ஸைக் கழட்டிட்டு இறங்கி வா."

"வேலை நேரத்துல கழட்டக் கூடாது."

"அதான் வேலை நேரம் முடிஞ்சிட்டே!"

"முடிஞ்சிருந்தா நான் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்க மாட்டனா?"

தர்க்கம் படித்தவர்களும் இதில் தோற்றுப்போவார்கள். மூவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். பகல் முழுக்க நின்ற அலுப்பில் மாசானம் நின்றபடியே கண் அயர்ந்தான். பூட்ஸ் அவனை விழவிடவில்லை. மூவரும் மெதுவாகப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மெயின் ரோட்டுப் பள்ளத்தில் பெஞ்சு குலுங்கியது. மாசானம் கண் விழித்தான். ஆலையைக் காணோம். வேலை போச்சு, பெண்ணும் போச்சு என்று அலறினான்.

"திருடன்! திருடன்! பெஞ்சைத் தூக்கிட்டுப் போறான்!"

மூவரும் பதறிப்போய்ப் பெஞ்சை நடுரோட்டில் இறக்கினார்கள்.

"எங்கலே? எந்தப் பக்கம்?" என்று அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இப்பதான்! பக்கத்துலதான் நின்னானுவ!"

மூவரும் குளத்துக்கரைப் பக்கம் பாய்ந்தார்கள். அரையிருட்டில் மாசானம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அதோ ஓடுதானுவ! மூணு பேரு! விடாதிய!"

"மூணு பேராம்லே!" என்று ஓடிக்கொண்டே கத்தினார் அண்ணாச்சி. "நல்லவேளை, நாமளும் மூணு பேரு. ஆளுக்கு ஒருத்தனைப் பிடிங்க!"